சுவர் நெடுக நடந்தவர்

சாந்திநிகேதனுக்கு வருகிறவர்கள் தாகூரைப் பார்க்க வருகிறார்கள். நான் போனது ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் சுவர்களைப் பார்க்க. போல்பூர் ஸ்டேஷன் வாசலில் அந்தப் பெயரைச் சொன்னபோது டோட்டோக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேட்டரியில் ஓடும் ஆட்டோவுக்கு இங்கே டோட்டோ என்று பெயர். உத்தராயண், மியூசியம், சோனாஜுரி சந்தை, கோபை ஆறு என்று விரல்விட்டு எண்ணி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். சந்தையும் வேண்டாம் ஆறும் வேண்டாம், கோவாயில் இறக்கிவிட்டால் போதும் என்றேன். அங்கே என்ன இருக்கிறது, வெறும் பள்ளம்தானே என்று இந்தியில் அலுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

கோவாயில் ஒரு தம்பி காத்திருந்தார். திருவாரூர்ப் பக்கத்துக்காரர். கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, இங்கே கலைக்கல்லூரியான கலாபவனத்தில் சுவரோவியம் படித்துக்கொண்டிருக்கிறார். வளாகத்துக்குள் போவதற்கான அனுமதிக் கடிதத்தை வாங்கித் தந்ததும் அவர்தான். "வெயில் ஏறிட்டா இங்க நிக்க முடியாதுக்கா. இதை முதல்ல பாத்துட்டு அப்புறம் உள்ள போயிடலாம்" என்றார். மார்ச் மாதக் காலை எட்டு மணிக்கே கழுத்துப் பட்டை நனைந்துவிட்டது.

பீர்பும் மாவட்டத்தின் செம்புறாங்கல் மேட்டை மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளின் கூட்டம்தான் கோவாய். பள்ளத்தாக்கு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் ஆள் மறையும் ஆழம். உள்ளே இறங்கி நடந்தால் இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர். காலடியில் இரும்புச் சத்து இறுகி உருண்ட சரளை. ஒன்றைக் கையில் எடுத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன்; விரலில் காவி ஒட்டியது. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டில் நடந்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கமானது, பனையும் பழக்கமானது. மண்தான் வேறு. தேரி, காற்று குவித்த மணல். கோவாய், தண்ணீர் தின்ற கல்.

இப்போது மண்ணரிப்பைத் தடுக்க நட்ட சோனாஜுரி மரங்கள் பள்ளங்களை மூடிவிட்டன. மரத்தடியில் காந்தா தையல் புடவை, டோக்ரா நகை, ஒற்றைத் தந்தி வாத்தியம் விற்கும் கடைகள். பினோத் பிகாரி நடந்த காலத்தில் இது மொட்டை வெளி. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிப்பனை. அவருடைய ஆரம்ப கால நிலக்காட்சிகளில் மனிதர்கள் இல்லாத ஒரு பொட்டல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதற்கு மூலம் இந்த இடம்.

அவர் கண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1904இல் கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தபோதே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னொரு கண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. மற்றப் பிள்ளைகளைப்போல ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. தாகூரின் பள்ளியில் வந்து சேர்ந்து, 1919இல் கலாபவனம் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். கண் இப்படி இருக்கிற பையனை ஓவியத்தில் விடலாமா என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்குத் தயக்கம் இருந்திருக்கிறது. பையன் அக்கறையாக வேலை செய்கிறானென்றால் அவனை விட்டுவிடுங்கள் என்ற பொருளில் தாகூர் சொல்லியிருக்கிறார். 1925இல் அந்தப் பையனே அங்கே ஆசிரியராகிவிட்டார்.

பள்ளத்துக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது இது: நிலக்காட்சி ஓவியர் என்றால் ஒரு மேட்டில் ஏறி நின்று, தூரத்து மலையையும் வானத்தையும் ஒரே பார்வையில் அள்ளுகிறவர் என்றுதான் நம் மனத்தில் படம். பினோத் பிகாரிக்கு அந்த மேடு கிடையாது. தூரத்துப் பனை அவருக்கு ஒரு மங்கல் கோடாகத்தான் இருந்திருக்கும். மரம் மரமாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் போயாக வேண்டும். அடுத்த மரத்துக்கு அடுத்த நடை. ஊரை ஒரு பார்வையில் பார்க்க முடியாதவர் அதை நடந்து நடந்து சேர்த்தார். இது என் ஊகம்தான். ஆனால் அன்று பார்த்த ஒவ்வொரு சுவரும் அந்த ஊகத்துக்குச் சாட்சி சொல்ல வந்ததுபோல இருந்தது.

சுவர்களுக்கு முன்னால் ஒரு சுருள். 1924இல், இருபது வயதில், சாந்திநிகேதனின் காட்சிகளை ஒரே நீளமான காகிதச் சுருளில் வரைந்தார். நீளம் 44 அடி. சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோதுதான் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிந்தது. சுருள் ஓவியத்தை ஒரே சமயத்தில் முழுதாகப் பார்க்க முடியாது. ஒரு பக்கம் விரிக்க, மறுபக்கம் சுருட்ட, கண் அதனோடு நடக்க வேண்டும். 1937–38இல் ஜப்பானுக்குப் போய் அங்கத்திய பழைய சுருள்களையும் திரை ஓவியங்களையும் பார்த்துவிட்டு வந்தார் என்பதால், சுருளை அவருக்குக் கொடுத்தது ஜப்பான் என்று சொல்கிறவர்கள் உண்டு. கணக்கு உதைக்கிறது. ஜப்பான் போவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இந்த 44 அடியை அவர் நடந்து முடித்துவிட்டார்.

கோவாயிலிருந்து வளாகத்துக்குள் வரும்போது தம்பி ஒரு வீட்டின் முன் நிறுத்தினார். தாலத்வஜம் என்று பெயர். மண் சுவர், கூம்பான ஓலைக் கூரை, கூரையின் நடுவே துளைத்துக்கொண்டு மேலே போகும் பனை. மரத்தை வெட்ட மனமில்லாமல் அதைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டவர் தேஜேஷ்சந்திர சென் என்ற ஆசிரியர். 1932இல் அவரை பினோத் பிகாரி வரைந்தார். ‘மரக் காதலர்’ என்று பொருள்படும் தலைப்பு. "ஆளை வரைஞ்சாரா மரத்தை வரைஞ்சாரான்னு சண்டையே போடலாம்க்கா" என்றார் தம்பி. இலைகளுக்கு நடுவே இன்னொரு தாவரம்போல அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். படத்தின் அச்சுப் பிரதியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பார்த்த பிறகு அது கேலியில்லை, நேரான உருவப்படம் என்று பட்டது.

கலாபவன வளாகத்தில் நுழைந்தால் ராம்கிங்கர் பைஜின் ‘சந்தால் குடும்பம்’ நம்மை மறிக்கும். 1938. இரும்புக் கம்பிக் கூட்டின்மேல் சிமென்டையும் செம்புறாங்கல் சரளையையும் கலந்து அடித்து எழுப்பிய உருவங்கள். வெண்கலத்துக்குப் பணமில்லாத இடத்தில், காலடியில் கிடந்த கோவாயே சிற்பமாகிவிட்டது. பினோத் பிகாரிக்கும் ராம்கிங்கருக்கும் சுபாவம் ஏழாம் பொருத்தம். ஒருவர் வெயிலில் சத்தம்போட்டுச் சிற்பம் செய்கிறவர், மற்றவர் வாய் திறந்து பேசவே யோசிப்பவர். ஆனால் மண்ணை வெறும் காட்சியாக வைக்காமல் பொருளாகவும் எடுத்துக்கொண்டதில் இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ராம்கிங்கரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது. நகர்கிறேன்.

பழைய மாணவர் விடுதியின் கூரை ஓவியம் 1940இல் வரைந்தது. அறைக்குள் போய் அண்ணாந்து ஐந்து நிமிடம் பார்த்ததில் கழுத்து வலித்தது. "படுத்துப் பாருங்கக்கா, இங்க எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க" என்று தம்பி தன் துண்டை விரித்துப்போட்டார். கூச்சத்தை விட்டுவிட்டுப் படுத்தேன்.

நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிப் பீர்பும் கிராமம்: மரங்கள், குடிசைகள், மாடுகள், பறவைகள், குளிக்கவும் தண்ணீர் மொள்ளவும் வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். எல்லாம் குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் விரிந்து கிடக்கின்றன. எங்கே தலைவைத்துப் படுத்தாலும் ஏதோ ஒன்று நேராகவும் எதிரே இருப்பது தலைகீழாகவும் தெரியும். அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் எழுந்து, மறுபுறம் போய்ப் படுக்க வேண்டும். நான் துண்டை இழுத்துக்கொண்டு நான்கு மூலைக்கும் போனேன். ஒரு குளத்தைச் சுற்றிவருகிறவர் இப்படித்தானே பார்ப்பார். இந்தக் கரையில் நிற்கும்போது அந்தக் கரை எதிரே. அந்தக் கரைக்குப் போனதும் இது எதிரே. கூரை என்றால் வானம், மேகம், தேவர்கள் என்பது கோயில்களிலும் தேவாலயங்களிலும் வழக்கம். இவர் தலைக்குமேல் ஒரு குளத்தையும் அதன் கரைச் சந்தடியையும் தூக்கி வைத்திருக்கிறார். அதில் ஒரு குறும்பு இருக்கிறது. அமைதியான மனிதர் என்று எழுதுகிறவர்கள் அந்தக் குறும்பை ஏனோ கவனிப்பதில்லை.

அதே 1940இல் சத்யஜித் ராய் என்ற கல்கத்தா இளைஞர் கலாபவனத்தில் சேர்ந்தார். வந்த புதிதில் அவர் கண்ணை இழுத்தவற்றில் இந்தக் கூரையும் ஒன்று. இந்தியக் கலை என்றால் ஏதோ மென்மையான புராணக் காட்சி என்று நினைத்துக்கொண்டு வந்த நகரத்துப் பையன், அண்ணாந்து ஒரு கிராமத்தைப் படித்திருக்கிறார். படிப்பை முடிக்காமல் 1942இல் கிளம்பிவிட்டார். பின்னாளில் அவர் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’யின் குளத்தையும் அதன் பூச்சிகளையும் பார்க்கும்போது எனக்கு இனி இந்தக் கூரை நினைவுக்கு வரும். அதற்காக இதுதான் அதற்கு மூலம் என்று சொல்லிவிட மாட்டேன்.

சீன பவனத்தில் 1942இல் வளாக வாழ்க்கையை வரைந்தார். போய்ப் பார்த்தோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரைக்கும், அடுத்துப் பார்க்கப்போகிற மண்டபத்துக்கும் நடுவில் அது ஓர் ஒத்திகை என்றுதான் என்னால் பார்க்க முடிந்தது.

இந்தி பவனம் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். 1939இல் திறந்தது, கபீரைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஹஜாரி பிரசாத் த்விவேதி இங்கேதான் இருந்தார். உள்ளே நுழைந்ததும் மண்டபத்தின் மூன்று சுவர்களின் மேல்பாதியில், கதவுகளுக்கு மேலாக ஓடுகிறது ஓவியம். எட்டடி உயரம். மூன்றையும் சேர்த்தால் எழுபது அடிக்கு மேல் நீளம். இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கை என்பது பொருள். 1946–47இல் வரைந்தார். நாடு துண்டாகிக்கொண்டிருந்த வருடங்கள். அந்த நேரத்தில் கபீரையும் ராமானுஜரையும் ரவிதாசரையும் சூர்தாசரையும் துளசிதாசரையும் குரு கோவிந்த் சிங்கையும் ஒரே சுவரில், ஒரே கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினார். இதற்கு விளக்கம் எழுதத் தேவையில்லை.

தம்பிக்கு ராமானுஜரைக் காட்டுவதில் தனி மகிழ்ச்சி. "நம்மூர்க்காரர் இங்க வந்து எத்தனை வருஷமா நிக்கிறார் பாருங்க." நின்றிருக்கிறார்தான், ஆனால் தனியாகத் தெரியவில்லை. இந்தச் சுவரின் விசேஷமே அதுதான். பக்தர்கள் யாருக்கும் தனிப் பீடம் கிடையாது. உயர்ந்து நீண்ட உடம்புகள் வரிசையாகப் போகின்றன. தாய்மார், கூலிக்காரர்கள், பிச்சைக்காரர்கள், குழந்தைகள், நடுவில் திடீரென்று தறியோடு கபீர். அவரும் வேலை செய்துகொண்டிருக்கிற இன்னொருவர், அவ்வளவே. பின்னால் வீடுகளும் படித்துறைகளும் மலையும் வருகின்றன. இவை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓர் ஓட்டம் போகிறது. பக்தி மலையில் பிறந்து, சமவெளியில் இறங்கி, ஊர்களுக்குள் புகுந்து போகும் ஆறாக இந்தச் சுவரைப் படித்தவர்கள் பலர். எனக்கும் அப்படித்தான் பட்டது. நிலக்காட்சியை விட்டுவிட்டு மனிதர்களிடம் வந்துவிட்டார் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதக் கூட்டத்தையே அவர் ஒரு நிலமாகத்தான் வரைந்திருக்கிறார். தோள்கள் மேடு, இரண்டு பேருக்கு நடுவிலுள்ள இருட்டு பள்ளம்.

தம்பி கைபேசி விளக்கைச் சுவருக்குப் பக்கவாட்டில் பிடித்தார். நேர் வெளிச்சத்தில் தெரியாத ஒன்று எழுந்துவந்தது: ஒரு மனிதரின் முதுகையும் அடுத்தவரின் கையையும் பிரித்தபடி, பூச்சில் ஒரு மெல்லிய விளிம்பு. "இது ஒரு நாள் வேலையோட எல்லைக்கா. அன்னைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் சுண்ணாம்பு பூசணும். மிச்சத்தை வெட்டி எடுத்துடணும்."

பிரெஸ்கோ என்ற இந்த முறையில் நிறத்துக்குப் பசையே கிடையாது. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்து சுவரில் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே, வெறும் தண்ணீரில் குழைத்த மண் நிறத்தால் வரைய வேண்டும். காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். நிறம் அந்தக் கல்லோடு கல்லாகிவிடும். அதனால்தான் எண்பது வருடமாகச் சுவரில் நிற்கிறது. அதனால்தான் திருத்தவும் முடியாது. தப்பாக வரைந்தால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டும். எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. தாங்குபவை பெரும்பாலும் மண் நிறங்கள்: காவி, மஞ்சள் காவி, பச்சை மண். காலையில் என் விரலில் ஒட்டிய சிவப்பும் இந்தச் சுவரின் சிவப்பும் வேதியியல்படி ஒரே இரும்பு ஆக்சைடு.

இப்போது அந்தக் கண்ணோடு இந்த வேலையைச் சேர்த்துப் பாருங்கள். எழுபதடிச் சுவரை வரைகிறவர், இறங்கி வந்து, எட்ட நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி ஏறுவார். இவர் இறங்கி நின்றால் சுவர் மங்கலாகிவிடும். சாரத்தின்மேல், மூக்கு சுண்ணாம்பில் படாத குறையாக, கைக்கெட்டிய தூரம்தான் அவர் பார்த்த சுவர். சின்னச் சின்ன முன்வரைவுகள் செய்தாரே தவிர, சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய மாதிரிப் படம் வைத்துக்கொள்ளவில்லை. கோட்டை நேராகச் சுவரில் போட்டார். ஒரு நாள் பூச்சு, அதன் மனிதர்கள். மறுநாள் அதன் பக்கத்துப் பூச்சு, அவர்களுக்கு அடுத்து வருகிறவர்கள். கோவாயில் மரத்திலிருந்து மரத்துக்குப் போன அதே நடை. இத்தனை நாள் துண்டுகளையும் ஒரே ஓட்டமாகச் சேர்த்தது அவர் கண்ணில்லை. முழுச் சுவரும் அவர் தலைக்குள் முன்பே ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

உதவிக்கு நின்ற மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிகளில் படிக்க முடியாமல் 1944இல் இங்கே வந்தவர். பிற்பாடு ஓவியம், சுடுமண், கண்ணாடி, பொம்மை, சுவர் என்று ஒரே ஊடகத்தில் உட்காராமல் அலைந்த கலைஞர். அலையும் அந்தச் சுபாவத்தை எங்கே பிடித்தார் என்று இந்தச் சாரத்தடியில் நின்றால் தெரிகிறது. கலாபவன வளாகத்திலேயே அவருடைய கறுப்பு வெள்ளைச் சுவரோவியம் ஒரு கட்டடத்தை முழுதாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதிய வெயிலில் அதைப் பார்ப்பது கண்ணுக்கு நல்லதல்ல, ஆனால் பார்க்க வேண்டும்.

1949இல் பினோத் பிகாரி சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். காட்மாண்டு அருங்காட்சியகம், ராஜஸ்தானின் வனஸ்தலி, பிறகு முசௌரி. மனைவி லீலாவும் கலைஞர். மரச்செதுக்கு நேபாளத்தில் கற்றது. மகள் மிருணாளினி 1949இல் பிறந்தார். ஐம்பதைத் தாண்டிய வயதில், இருந்த ஒரு கண்ணுக்கும் புரை அறுவை சிகிச்சை செய்யப்போக, அது தவறி, முழுப் பார்வையும் போயிற்று. 1958இல் சாந்திநிகேதனுக்கே திரும்பி வந்து கலை வரலாறு கற்பித்தார். பார்க்காமலே, பார்த்ததின் ஞாபகத்தில்.

இந்த இடத்துக்கு வந்ததும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் குரல் தழதழத்துவிடுகிறது. பார்வையற்ற ஓவியர், அகக்கண், அற்புதம். ராய் 1972இல் எடுத்த இருபது நிமிட ஆவணப்படத்தின் பெயரே ‘தி இன்னர் ஐ’. படம் அருமையானது, நிதானமானது, அழவைக்கப் பார்க்காதது. ஆனால் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் செய்த அமளி எனக்கு ஒத்துவரவில்லை. அற்புதம் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் கைவேலையாக என்ன செய்தார் என்று பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவு வசதி.

அவர் செய்தது இது. எண்ணெயும் நீர்வண்ணமும் இனி முடியாது. நிறத்தைக் கலந்து பார்க்க ஆளில்லை. விரலுக்குத் தெரிகிற ஊடகங்களுக்கு மாறினார். வண்ணக் காகிதத்தை மடித்து, கிழித்து, கத்தரித்து ஒட்டினார். மெழுகில் கையளவு உருவங்கள் பிசைந்தார். கல்லச்சு செய்தார். தடித்த பேனாவால் கோட்டுப்படம் போட்டார். காகிதத்திலிருந்து எடுத்தால் பேனா விட்ட இடம் போய்விடும், அதனால் அந்தக் கோடு எடுக்காமலே நெடுந்தூரம் போகும். இத்தனைக்கும் நடுவில் ‘சித்ரகர்’ என்ற தன்வரலாற்றையும் சொல்லி எழுதவைத்தார்.

1972இல் கலாபவனச் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம். காகிதத்தை மடித்தும் கத்தரித்தும் கண்டுபிடித்த உருவங்கள்தான் ஓடாக மாறிச் சுவரில் ஏறின. அதன் முன் போய் நின்றோம். முதல் பார்வைக்குக் குழந்தை வேலைபோல இருக்கும். கண், மூக்கு, விரல் என்ற விவரம் ஏதுமில்லை. உட்கார்ந்த உடம்பு, குனிந்த உடம்பு, நிற்கிற உடம்பு, அவ்வளவுதான். கிட்டே போய்ப் பார்த்தால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு எங்கே வருகிறது என்பதில் அவருடைய கணக்கு தெரியும். ஒரு உடம்பின் வளைவு ஓர் ஓட்டில் முடிய, அடுத்த ஓட்டில் இன்னொரு உடம்பு அந்த வளைவையே பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. இந்தி பவனத்தில் தோளும் தோளும் செய்த வேலையை இங்கே விளிம்பும் விளிம்பும் செய்கின்றன. கையெட்டும் தூரத்தை மட்டும் நம்பி எழுபதடி போனவருக்கு, கண் போன பிறகும் கையெட்டும் தூரம் மிச்சமிருந்தது. இழப்பு இல்லை என்று சொல்லவரவில்லை. நிறம் போனது பெரிய இழப்பு. ஓட்டுச் சித்திரத்தின் நிறத்தில் இந்தி பவனத்தின் அந்தப் பழுப்பு நுணுக்கம் இல்லை. என்னைக் கேட்டால் இது அவருடைய மிகச் சிறந்த வேலையும் இல்லை. தம்பி இதை ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க சுவரைப் படமா பாக்குறீங்கக்கா. இது கட்டட வேலை. பக்கவாட்டுல வாங்க." இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் நிறுத்தினார். சாய்ந்த வெயிலில் ஓடுகளின் மேடுபள்ளம் நிழல் போட்டிருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். முழுதாக அல்ல.

மிருணாளினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரோடாவில் சுப்ரமணியனிடம் படித்து, சணல் கயிற்றை முடிச்சுப்போட்டு முடிச்சுப்போட்டு ஆளுயரத் தாவர உருவங்களாக எழுப்பினார். பிறகு பீங்கான், வெண்கலம். 2015இல் இறந்தார். நான்கு வருடம் கழித்து நியூயார்க்கின் மெட் பிராயரில் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அந்த முடிச்சுகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், விரலால் பார்ப்பது அந்த வீட்டில் புதிதல்லவே என்று நினைத்துக்கொள்வேன்.

மாலை நான்கு மணிக்குத் தம்பிக்குத் தன் வேலை. ஸ்டூடியோவின் பின்பக்கம் மாணவர்கள் பழகுவதற்கென்று ஒரு சுவர். பல வருடத்துப் பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அங்கங்கே கொத்தி எடுத்த வடுக்களோடு இருந்தது. ஒரு தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் வெண்ணெயாகக் கிடந்தது. பழுக்கப் பழுக்கத்தான் நன்றாக இருக்குமாம். எங்கள் ஊர்க் கொத்தனார்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். "எங்க தாத்தா கொத்தனார்தான்க்கா. நான் சுண்ணாம்புக்குத்தான் வந்தேன், ஓவியம் அப்புறம்" என்று சிரித்தார்.

பலகையால் ஒரு முழச் சதுரத்துக்குப் பூசினார். கையை வைத்துப் பார்த்தார், இன்னும் ஈரம் அதிகம். காத்திருந்தோம். மறுபடி விரலால் அமுக்கினார். தடம் பதிந்தது, சுண்ணாம்பு ஒட்டவில்லை. அதுதான் நேரம். தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, காவியில் தொட்டு, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. பனைத்தண்டு. சுண்ணாம்பு நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும் வேகம் கண்ணுக்கே தெரிந்தது; கோட்டின் அடி மங்கும்போது நுனி இன்னும் பளபளத்தது. இந்தத் தண்டு கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துவிட்டதே என்று நான் வாயைத் திறந்தேன்.

"சாயட்டும்க்கா, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார், திரும்பாமலே. "பேசினா காஞ்சிடும். அந்தப் பச்சை மண் டப்பாவை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுங்க."